1:64 கார்ப் படம் பொம்மைப் படமாகவே வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் டைகாஸ்ட் கார், அதாவது உலோகத்தில் வார்த்த குட்டிக் கார், சேர்க்கிறவர்களுக்கு இரண்டு தொல்லை. ஒன்று எல்லா ஊருக்கும் பொது. அலமாரியில் அசல் வண்டி போலக் கம்பீரமாக நிற்கிற கார், படம் எடுத்ததும் விளையாட்டுச் சாமானாகி விடுகிறது. இன்னொன்று நம் ஊருக்கே உரியது. ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் காற்று இறங்குகிறது. குற்றாலத்தில் அது சீசன். நம் பீரோவுக்குள் அது கார் ஒட்டி வரும் அட்டையான கார்டை வளைக்கிறது, லென்ஸில் பூசணம் வளர்க்கிறது.

முழுவதையும் வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் காரில் அல்லது படத்தில் எந்தக் கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆனால் ஒரே ஒரு எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 64. 1:64 என்றால் அசல் வண்டியை 64-ஆல் வகுத்த அளவு. படத்தில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் கேமராவால் வருவதே இல்லை, இந்தக் கணக்கை மறப்பதால் வருகிறது. காரைச் சுற்றி இருக்கும் எதையும் 64-ஆல் பெருக்கிப் பாருங்கள். அசல் உலகில் அப்படி ஒரு பொருள் இருக்குமா என்று கேளுங்கள். இருக்காது என்றால் கோளாறு அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. ஹாட் வீல்ஸ் கம்பெனியின் மெயின்லைன், அதாவது சாதாரண வரிசைக் கார்கள் எல்லாம் துல்லியமான 1:64 அல்ல. பிளிஸ்டர் என்ற பிளாஸ்டிக் மூடிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகப் பெரிய வண்டியைச் சுருக்கியும் சின்ன வண்டியைப் பெருக்கியும் செய்வார்கள். அதனால்தான் அவர்களுடைய லாரியும் குட்டிக் காரும் ஏறக்குறைய ஒரே நீளம். மினி ஜிடி போன்ற பிராண்டுகள் அளவில் ஒழுங்கு. இரண்டையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஏதோ இடிக்கும். அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை, சேர்த்து நிறுத்தாதீர்கள்.

பார்த்த உடனே பொம்மை என்று தெரிகிறது

முதலில் கேமராவின் உயரத்தைப் பாருங்கள். நின்றுகொண்டு மேசை மேல் இருக்கும் காரைப் படம் எடுத்தால் கேமரா காரிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கும். 64-ஆல் பெருக்கினால் 32 மீட்டர். பத்து மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிற பார்வை அது. அங்கிருந்து பார்த்தால் அசல் காரே பொம்மையாகத்தான் தெரியும்.

தெருவில் நிற்கிற மனிதனின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதை 64-ஆல் வகுத்தால் இரண்டரை செ.மீ. உங்கள் லென்ஸ் இருக்க வேண்டிய இடம் அதுதான். போனை நேராகப் பிடித்தால் லென்ஸ் மேலே போய்விடும். போனைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் இருக்கும் முனை தரையைத் தொடும்படி வையுங்கள். இப்போது லென்ஸ் தரையிலிருந்து ஒன்று, ஒன்றரை செ.மீ. உயரத்தில் இருக்கும், அதாவது சாலையோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தவனின் பார்வை. கார்ப் படத்துக்கு இதைவிட நல்ல கோணம் இல்லை. போன் ஆடாமல் நிற்க, அரிசி நிரப்பிய சின்னத் துணிப் பை ஒன்றை முதுகில் முட்டுக் கொடுங்கள். டைமரை இரண்டு விநாடிக்கு வைத்துவிட்டுக் கையை எடுத்து விடுங்கள்.

அடுத்து தரை. தோட்டத்து மண்ணில் காரை நிறுத்துகிறோம், ஒரு செ.மீ. கூழாங்கல் பக்கத்தில் கிடக்கிறது. அசல் கணக்கில் அது 64 செ.மீ. பாறை. புல் இதழ் 10 செ.மீ. என்றால் ஆறு மீட்டருக்கு மேல், இரண்டு மாடி வீட்டு உயரம். எம் சாண்டை அப்படியே கொட்டினாலும் ஆகாது, அதில் நாலைந்து மி.மீ. துகள் வரை இருக்கும். மாவுச் சல்லடையில் சலித்து, அடியில் விழும் பொடியை மட்டும் எடுங்கள். 0.3 மி.மீ. துகள் படத்தில் இரண்டு செ.மீ. ஜல்லியாக நிற்கும். மண் சாலை தயார்.

தார்ச் சாலைக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்பு உப்புத்தாள் போதும். ஆனால் நம்பர் முக்கியம். 120 நம்பர் தாளில் மணலின் அளவு சுமார் 0.125 மி.மீ.; 64 மடங்கு என்றால் எட்டு மி.மீ., நம் நெடுஞ்சாலையில் தெரியும் சின்ன ஜல்லி. தேய்ந்து வழவழத்த பழைய சாலை வேண்டும் என்றால் 180 எடுங்கள். 400, 600 எல்லாம் காருக்கு அடியில் கறுப்புக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். கடையில் கேட்டால் இப்படித்தான் போகும்:

“அண்ணாச்சி, தண்ணி உப்புத்தாள் 120 நம்பர் ரெண்டு குடுங்க.”

“என்ன தேய்க்கப் போறிய தம்பி? 120 மரத்தைச் சீவிரும்லா.”

“தேய்க்கல்ல அண்ணாச்சி, ரோடு போடப் போறேன்.”

அதற்கு மேல் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், சில்லறையை வாங்கிக்கொண்டு வந்து விடுங்கள். தாளில் சுண்ணாம்புக் கட்டியை நுனி சீவி ஒரு கோடு போட்டு, விரலால் லேசாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். சாலையின் பக்கக் கோடு அசலில் 10 முதல் 15 செ.மீ. அகலம் இருக்கும், இங்கே இரண்டு மி.மீ.தான். பேனா முனையளவுக்கு மேல் போனால் மறுபடி பொம்மைச் சாலை.

மூன்றாவது தண்ணீர். மழைப் படம் என்று காரின் மேல் ஸ்பிரே அடித்தால் 3 மி.மீ. துளி கூரையில் உட்காரும். அசலில் அது 19 செ.மீ., பப்பாளிப் பழம் சைஸ். கிளிசரின் கலந்தால் துளி உருண்டு நிற்கும், ஆனால் சுருங்காது. ஆகவே கார் காய்ந்தே இருக்கட்டும், தரையை மட்டும் நனையுங்கள். ஈரத் தாரில் ஹெட்லைட்டும் வண்டியின் நிறமும் பளபளத்துத் தெரிந்தால் பார்ப்பவர் மழையைத் தானே சேர்த்துக்கொள்வார்.

கடைசியாகத் தூசி. அரை மி.மீ. பஞ்சு நூல் பானெட்டில் கிடந்தால் மூன்று செ.மீ. தடிமன் கயிறு. காது கழுவும் ரப்பர் பல்பால் ஊதுங்கள், பிறகு மேக்கப் பிரஷ். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும்.

பின்னால் மலையும் பாலமும் இருந்தும் படம் ஒட்டவில்லை

நம் பக்கத்துப் படக்காரர்களுக்கு வாய்த்த பாக்கியம் பின்னணிதான். புளியரை வயலும் அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும், மலை தாண்டினால் கழுதுருட்டியில் 13 கண் பாலம். 1904-இல் ரயில் ஓடத் தொடங்கிய கொல்லம் பாதையில் கட்டிய கருங்கல் வளைவுகள், பக்கத்திலேயே நெடுஞ்சாலை. காரைச் சாலையோரச் சுவரில் நிறுத்தி, பின்னால் வளைவுகளை வைத்துப் படம் எடுத்தால் நன்றாகத்தானே வர வேண்டும்? பல பேருக்கு வராது.

காரணம் இந்தக் கணக்கு. லென்ஸிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் கார் நிற்கிறது என்றால், பார்ப்பவரின் கண்ணுக்கு அது 20 செ.மீ. × 64, அதாவது 12.8 மீட்டர் தூரத்தில் நிற்கும் அசல் கார். அப்படியென்றால் காருக்கும் அந்த 13 மீட்டருக்கும் இடையில் எந்த அசல் பொருளும் படத்தில் இருக்கக் கூடாது. மூன்று மீட்டரில் ஒரு எருக்கஞ்செடி தெரிந்தால், காருக்குப் பின்னால் நிற்பதாகத் தோன்றும் அந்தச் செடி நாலைந்து மடங்கு ஊதிப்போய் பூதமாக நிற்கும். 13 மீட்டருக்கு அப்பால் இருக்கும் வீடு, மரம், பாலம், மலை எல்லாம் சரியான அளவில் வந்து உட்காரும்.

எனவே படம் ஒட்டவில்லை என்றால் இடைப்பட்ட இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். சுவரின் மேல், மதகின் மேல், அணைக்கட்டின் கைப்பிடிச் சுவர் மேல் காரை வைப்பதில் இதுதான் சௌகரியம்: சுவர் முடிந்ததும் கீழே பள்ளம், பிறகு நேராகத் தூரத்துக் காட்சி. இடையில் எதுவும் இல்லை. கார் நிற்கும் உப்புத்தாளின் பின் விளிம்பு தெரிந்தால் லென்ஸை இன்னும் தாழ்த்துங்கள். லென்ஸ் இரண்டரை செ.மீ. உயரத்துக்கு வந்தால் அடிவானம் காரின் கூரையை ஒட்டிப் போகும், விளிம்பு அதில் கரைந்து விடும்.

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டத்துக்கும் இதே விதி. ஜூலை, ஆகஸ்டில் பூக்கும்போது கேரளாவிலிருந்து வண்டி வண்டியாக வந்து படம் எடுக்கிறார்கள். நாமும் ஆசைப்பட்டுப் பூவுக்குப் பக்கத்தில் காரை வைத்தால், 15 செ.மீ. பூ பத்து மீட்டர் அகல ராட்டினமாகத் தெரியும். வரப்பில் காரை வைத்து, தோட்டத்தைப் பதினைந்து மீட்டர் தள்ளி விடுங்கள். மஞ்சள் பட்டையாக வரும் அந்தப் பின்னணியே போதும். அப்புறம், செடியை மிதிக்காமல் வரப்பிலேயே நில்லுங்கள். அது அவர்களுக்குப் பிழைப்பு.

நேரத்தைப் பற்றி ஒன்று. நாம் மலைக்குக் கிழக்கே இருக்கிறோம். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடும், அந்தப் பொன் வெயில் நமக்குக் கிடைக்காது. காலை ஆறரையிலிருந்து ஏழரை வரை கிழக்கிலிருந்து தாழ்ந்து வரும் வெயில் காரின் பக்கவாட்டிலும் மலையின் முகத்திலும் ஒன்றாக விழும். அதுதான் நம் நேரம். ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் போனால் கணக்கு தலைகீழ், அங்கே மாலைதான் விசேஷம்.

குற்றாலம் அருவிப் பக்கம் போகிறவர்கள் காரைத் தரையில் வைத்துவிட்டுக் கேமராவைத் துழாவாதீர்கள். குரங்குக்கு அளவு கணக்கெல்லாம் கிடையாது, சிவப்பாக எது இருந்தாலும் தின்பண்டம்தான்.

கார் முகம் உப்பியிருக்கிறது, அல்லது போன் ஃபோகஸே பிடிக்கவில்லை

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், மிக அருகில் போய்விட்டீர்கள். ஐந்து செ.மீ. தூரத்தில் லென்ஸ் இருந்தால் அசலில் அது மூன்று மீட்டருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்தில் அகலக் கோண லென்ஸால் அசல் காரை எடுத்தாலும் மூக்கு பெருத்து வால் சிறுத்துத்தான் வரும். இன்றைய பெரிய சென்சார் போன்களின் முதன்மைக் கேமரா அத்தனை பக்கத்தில் ஃபோகஸ் ஆகாது. சில போன்கள் அந்த நிலையில் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்குத் தாவி விடும். திரையில் படம் ஒரு துள்ளு துள்ளும், அதுதான் அடையாளம். செட்டிங்கில் தானியங்கி மேக்ரோவை அணைத்து விடுங்கள்.

சரி, என்ன செய்வது? 20, 30 செ.மீ. பின்னால் வாருங்கள். இரண்டு மடங்கு அல்லது மூன்று மடங்கு ஜூம் வையுங்கள். படம் சின்னதாக வந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம். விலை குறைந்த போன்களில் ‘மேக்ரோ’ என்று தனியாக ஒரு 2 மெகாபிக்ஸல் கேமரா வைத்திருப்பார்கள். அதைத் திறக்கவே திறக்காதீர்கள், முதன்மைக் கேமராவில் எடுத்து வெட்டினால் அதைவிட மேல்.

முன் கிரில் தெளிவு, பின் சக்கரம் கலங்கல்

இது டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களின் வியாதி. பெரிய சென்சார், பக்கத்துப் பொருள், அகலத் திறப்பு மூன்றும் சேர்ந்தால் தெளிவாக விழும் ஆழம் சில மி.மீ.தான். முழுக் காரும் தெளிவாக வேண்டும் என்றால் லென்ஸின் திறப்பை எஃப் 11 வரை சுருக்குங்கள், அவசியமானால் எஃப் 16. அதற்கு மேல் போனால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுக்கவே மெத்தென்று ஆகிவிடும்.

அதுவும் போதவில்லை என்றால் ஃபோகஸ் ஸ்டாக்கிங். கேமராவை அசைக்காமல், முன் பம்பரிலிருந்து பின் பம்பர் வரை ஃபோகஸை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் ஒன்றாக்குவது. வெட்டவெளியில், சாரல் காற்றில் பின்னணி மரம் ஆடிக்கொண்டிருந்தால் இது சரிவராது, வீட்டுக்குள் செய்கிற வேலை. போன்காரர்களுக்கு இந்த இடத்தில் அதிர்ஷ்டம்: சின்ன சென்சாரில் ஆழம் தானாகவே கூடுதல். ஆனால் ‘போர்ட்ரெய்ட்’ மோடை மட்டும் தொடாதீர்கள், அது கண்ணாடியையும் ஆன்டெனாவையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும்.

மேலே வெள்ளைத் திட்டு, கதவில் என் முகம்

பெயின்ட் அடித்த கார் ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு வெளிச்சம் அடிக்க முடியாது, அது எதைப் பார்க்கிறது என்பதைத்தான் மாற்ற முடியும். மேசை விளக்கை நேரே அடித்தால் விளக்கின் உருவமே வெள்ளைத் திட்டாக விழும். மேலும் காரிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும் பல்பு அசலில் 19 மீட்டர் உயர மைதான விளக்கு. இரவு மேட்ச் நடக்கும் மைதானத்தில் கார் நிற்கிற மாதிரி நிழல் விழுவது அதனால்தான்.

விளக்குக்கும் காருக்கும் நடுவில் பட்டர் பேப்பரைக் காரை விடப் பெரிதாக, காருக்கு நெருக்கமாகப் பிடியுங்கள். எதிர்ப்பக்கத்தில் தெர்மாகோல் துண்டு. இப்போது கூரையிலிருந்து கதவு வரை ஒரே நீளமான, மென்மையான ஒளிப்பட்டை ஓடும். காரின் வளைவுகள் அப்போதுதான் வெளிப்படும். ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயின்ட் அடித்த கார்களுக்கு இது கட்டாயம். அது மினுங்கும் உலோகத்தின் மேல் பூசிய கண்ணாடி போன்ற நிறம். பிரதிபலிக்கப் பெரிய வெள்ளைப் பரப்பு இல்லாவிட்டால் கறுத்துப்போய் உட்காரும்.

கதவில் உங்கள் முகம் தெரிந்தால் கறுப்புச் சட்டை போடுங்கள், அல்லது கறுப்புச் சார்ட்டில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அதன் வழியாக எடுங்கள்.

சிவப்புக் கார் ஒரே அப்பலாக வருகிறது

கோடும் நிழலும் இல்லாமல் குங்குமம் அப்பியது போல வந்தால், சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்திருக்கிறது. மொத்த வெளிச்சம் சரியாகத்தான் காட்டும், அதை நம்பாதீர்கள். எக்ஸ்போஷரைப் படிப்படியாக இறக்கி எடுங்கள். போனில் ‘விவிட்’ மாதிரி ஏதாவது இருந்தால் அணையுங்கள். வெள்ளைப் பின்னணி சாம்பலாக வந்தால் மட்டும் இதற்கு நேர்மாறாக ஏற்றுங்கள்.

படத்தில் கறுப்பு வரிகள் ஓடுகின்றன

மலிவான எல்.இ.டி. விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மின்னுகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். தீரவில்லை என்றால் விளக்கை மாற்றுங்கள்.

படம் முழுக்கப் பனி மூட்டம், அல்லது லென்ஸுக்குள் சிலந்தி வலை

ஏ.சி. அறையிலிருந்தோ ஏ.சி. காரிலிருந்தோ கேமராவை எடுத்து நேரே சாரலுக்குள் போனால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். துடைக்கத் துடைக்க வரும். பையை மூடியபடியே வெளியில் வைத்து, கேமரா வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.

சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூசணம். லென்ஸின் உட்பக்கம் என்றால் பழுது பார்ப்பவர்தான் திறக்க வேண்டும். வராமல் தடுப்பது சுலபம்: காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் லென்ஸுக்கும் நல்லது, கார்டுக்கும் நல்லது. நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்குங்கள். ஆரஞ்சு பச்சையாகவோ நீலம் வெளிறிய ரோஜாவாகவோ மாறினால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஓவன் அடுப்பில் சுமார் 120 டிகிரியில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம். சாப்பாட்டுப் பாத்திரத்தில் வறுக்காதீர்கள், நீல ஜெல்லில் கோபால்ட் உண்டு.

உலோகத்தில் வெள்ளைப் பொடி, கொப்புளம், விரிசல்

மூன்றும் வேறு வேறு நோய், வைத்தியமும் வேறு. குழப்பிக்கொண்டு நல்ல காரைத் தூக்கி எறிபவர்களும் உண்டு, சாகப்போகிற காருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

முதலில் இந்த உலோகம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். டைகாஸ்ட் கார்கள் ஜமாக் என்ற கலவை: துத்தநாகம்தான் முக்கியப் பங்கு, அதனோடு அலுமினியம், மெக்னீசியம், செம்பு. இரும்பில்லை, எனவே செந்துரு பிடிக்காது. சிவப்பாகத் துரு தெரிந்தால் அது சக்கர அச்சிலிருந்து வருகிறது, அச்சு மட்டும் எஃகு.

பெயின்ட் இல்லாத அடித்தட்டில் வெள்ளையாகப் பூத்து, விரலால் தேய்த்தால் மாவாக வந்தால் மேற்பரப்பு ஆக்ஸிஜனேற்றம். பயப்பட ஒன்றுமில்லை. காய்ந்த துணியால் துடைத்து, உலோக பாலிஷ் கொஞ்சம் தொட்டுத் தேய்த்து, கார் மெழுகு மெல்லியதாகப் பூசுங்கள். பாலிஷ் பெயின்டிலோ அச்சடித்த எழுத்திலோ படக் கூடாது, இரண்டே தேய்ப்பில் ஸ்பான்சர் பெயரெல்லாம் போய்விடும்.

பெயின்டுக்கு அடியில் சின்னச் சின்னக் கொப்புளம், ஆனால் காரின் வடிவம் மாறவில்லை என்றால் ஈரம் பெயின்டுக்குள் புகுந்திருக்கிறது. குத்தி உடைக்காதீர்கள். உலர்ந்த டப்பாவுக்கு மாற்றினால் அதோடு நிற்கும். அழகாக வேண்டும் என்றால் பெயின்டை உரித்து மறுபடி அடிப்பதுதான் வழி.

மயிரிழை விரிசல்கள் வலைபோலப் பரவி, கதவு மூடாமல், உடல் வீங்கி, அடித்தட்டு வில்லாக வளைந்திருந்தால் அது துத்தநாக நோய். வார்ப்பின்போது கலவையில் ஈயம் போன்ற கசடு கலந்துவிட்டதால் உலோகத்தின் மணிகளுக்கு இடையிலேயே அரிப்பு நடக்கிறது. ஜமாக் 1929-இல் வந்ததே மிகச் சுத்தமான துத்தநாகத்தைக் கொண்டு இந்தக் கோளாறைத் தவிர்க்கத்தான். கசடு புகுந்துவிட்டால் எந்தக் காலத்து வண்டிக்கும் வரும், இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய டிங்கி கம்பெனிக் கார்களில் நிறையவே வந்தது. மருந்து இல்லை. வெக்கையும் ஈரமும் வேகப்படுத்தும், அவ்வளவே நம் கையில் இருப்பது. பக்கத்துக் காருக்குத் தொற்றுமோ என்று கவலைப்பட வேண்டாம், தொற்றாது. கையில் எடுக்காமல் படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த அறிகுறியோடு யாராவது பழைய கார் விற்றால் எந்த விலையானாலும் வேண்டாம்.

டயர் அலமாரியோடு ஒட்டிக்கொண்டது, பிளாஸ்டிக் இளகுகிறது

ரப்பர் டயர்களில் மென்மை தருவதற்காகச் சேர்க்கும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை அரிக்கும். அக்ரிலிக் தட்டில் நாலு டயர் தடமும் பதிந்து நிற்பது இதனால். 1983-இல் ஹாட் வீல்ஸில் வந்த ரியல் ரைடர்ஸ் ரப்பர் சக்கரம் முதல் இன்றைய விலை கூடிய பிரீமியம் வரிசை வரை ரப்பர் டயர் உள்ள எதையும் நேரே பிளாஸ்டிக்கில் நிறுத்தாதீர்கள். அடியில் காகிதம் போடுங்கள், அல்லது அச்சுகளுக்கு நடுவே சின்ன மரத்துண்டு கொடுத்துச் சக்கரத்தை அந்தரத்தில் வையுங்கள்.

டயரே இல்லாத இடத்திலும், ஜன்னல் கண்ணாடி மங்கி, பிளாஸ்டிக் பிசுபிசுத்தால் பீரோவைத் திறந்து மோந்து பாருங்கள். பட்டுச் சேலைக்கு அம்மா போட்ட அந்துருண்டை வாசனை வருகிறதா? நாஃப்தலீன் ஆவி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கும். காரை வேறு அலமாரிக்கு மாற்றுங்கள். சேலையை மாற்றச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், நடக்காது.

கார்டு வில்லாக வளைந்துவிட்டது, விலை ஸ்டிக்கர் கிழிகிறது

கார்டின் முன்பக்கம் பளபளப்புப் பூச்சு, பின்பக்கம் வெறும் அட்டை. சாரல் ஈரத்தைப் பின்பக்கம் மட்டும் குடிப்பதால் வளைகிறது. ஈரமாக இருக்கும்போது நிமிர்த்தினால் பூச்சு மடியும். சிலிக்கா ஜெல் டப்பாவில் நன்றாக உலரவிட்டு, அப்புறம் பிளிஸ்டர் உள்ள இடத்துக்கு ஓட்டை விட்ட இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே கனம் ஏற்றுங்கள். கறுப்புப் புள்ளியாகப் பூசணம் வந்திருந்தால் அந்தக் கார்டைத் தனியாக வையுங்கள், இது தொற்றும்.

ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளாதீர்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, பசை இளகியதும் அட்டையை ஒட்டியபடி மெல்ல இழுங்கள். தேங்காய் எண்ணெய் வைத்தியம் கார்டில் வேண்டாம், கறை போகாது. நீலகிரித் தைலம் பசையைக் கரைக்கும், ஆனால் சில பிளாஸ்டிக்கையும் சேர்த்து மங்கடிக்கும். பிளிஸ்டர் பக்கம் கொண்டு போகாதீர்கள்.

சக்கரம் ஓடவில்லை

முதலில் அச்சில் சுற்றிய முடியை ஊசியால் எடுங்கள், பாதி வழக்கு அங்கேயே முடியும். அச்சு வளைந்திருந்தால் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்து இடுக்கியால் நிமிர்த்துங்கள். தையல் மிஷின் எண்ணெய் விடாதீர்கள், தூசியை இழுத்துச் சேறாக்கும். பென்சில் கிராஃபைட் பொடி கொஞ்சம் போதும்.

சூப்பர் ட்ரெஷர் ஹண்ட் என்று சொல்லி விலை சொல்கிறார், நம்பலாமா?

ஹாட் வீல்ஸ் மெயின்லைனுக்குள் அரிதாகக் கலந்து வரும் ட்ரெஷர் ஹண்ட் வரிசை 1995-இல் தொடங்கியது. 2007-இலிருந்து அதில் சூப்பர் என்ற உயர் வகை தனியாக வருகிறது: ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயின்ட், ரப்பர் டயர், இப்போதைய கார்களில் மேலே எங்கோ ஓரத்தில் டிஎச் (TH) குறி. இப்போதைய சாதாரண வகையில் வட்டத்துக்குள் தீச்சுடர் குறி மட்டும், டயர் பிளாஸ்டிக்.

போலி எப்படிப் பிறக்கிறது? சாதாரண மெயின்லைனைத் திறந்து, பிரீமியம் காரின் ரப்பர் சக்கரத்தை மாட்டி, ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறார்கள். திறக்க வேண்டும் என்றால் அடியில் உள்ள ரிவெட்டைத் துளைத்தாக வேண்டும். ஆகவே கார்டு இல்லாத லூஸ் காராக இருந்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். ரிவெட் தலை வட்டமாக, மழுங்கலாக, சுற்றியுள்ள அடித்தட்டின் அதே நிறத்தில் இருக்க வேண்டும். நடுவில் பள்ளம், புதுப் பளபளப்பு, பசைத் தடம், சின்ன ஸ்குரூ இதில் எது தெரிந்தாலும் கைமாறிய வண்டி. அடித்தட்டில் ஓர் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு குத்தியிருக்கும். 2008-இலிருந்து வரும் கார்களில் எழுத்து ஆண்டையும் எண் வாரத்தையும் சொல்லும். விற்பவர் சொல்லும் ஆண்டுக்கும் அதற்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

டிஎச் குறியை விரல் நுனியால் தடவுங்கள். அசல் குறி பெயின்டோடு பெயின்டாக அச்சானது, விளிம்பு கையில் தட்டாது. ஸ்டிக்கர் தட்டும்.

கார்டோடு இருந்தால் பிளிஸ்டரின் விளிம்பைச் சுற்றிலும் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். அசல் ஒட்டு சுற்றிலும் ஒரே அகலம். ஒரு பக்கம் மட்டும் அட்டையின் நார் தூக்கியிருந்தாலோ, பசை மஞ்சளாக வழிந்திருந்தாலோ திறந்து மூடியது. ஆன்லைனில் வாங்குகிறீர்கள் என்றால் இந்த மூன்றையும், அதாவது ரிவெட், குறி, பிளிஸ்டர் விளிம்பு, பக்கத்தில் போய் எடுத்த படமாகக் கேளுங்கள். முன்பக்கப் படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தால் பணம் அனுப்பாதீர்கள்.